நிருபமா வீட்டுப் பாற்கடல்

நான்காவது மாடியில் கடல் செத்துக்கொண்டிருக்கிறது என்ற செய்தி, ஒரு நாள் காலை காபியோடு இரண்டாவது மாடிக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவள் பாஞ்சாலி. அந்த அபார்ட்மென்டில் அவள் வேலை செய்யும் வீடுகளில் முதல் வீடு அலர்மேல்மங்கையுடையது. முதல் வீடு என்பது சாதாரண விஷயமில்லை. முதல் வீட்டுக்காரிக்குப் பாத்திரமும் வெயில் ஏறுவதற்குள் கவிழும், மற்ற வீடுகளின் நேற்றைய சமாசாரமும் ஆறாமல் கிடைக்கும். அந்த இடத்தைப் பிடிக்க அலர்மேல்மங்கை எத்தனை தீபாவளிக்கு எத்தனை புடவை கொடுத்திருப்பாள் என்பது அவளுக்கும் பெருமாளுக்கும் தெரியும்.

“மேல் வீட்டுக் கடலு படுத்துடுச்சி மாமி,” என்றாள் பாஞ்சாலி, குழாயைத் திறந்தபடி. “பூ மாதிரி விரிஞ்சினு இருக்கும்ல, எல்லாம் சுருங்கிப்போச்சு. சாரு பெத்த புள்ளைக்கு ஜொரம் வந்தாப்ல தொட்டியாண்டயே நிக்கிறாரு.”

“ஐயோ பாவம்,” என்றாள் அலர்மேல்மங்கை. ஐயோவும் பாவமும் உதட்டோடு சரி. மனசு அதற்குள் வேறு வேலையில் இறங்கிவிட்டது. யார் கை வைத்திருப்பார்கள்?

கடல் என்றால் நிஜக் கடல் இல்லை. பெங்களூரில், முகவரியில் கோரமங்கலா, பின் பால்கனியில் நின்றால் ஈஜிபுரா என்று இருக்கிற அந்தக் கட்டடத்தில் கடலுக்கு எங்கே போவது? நிருபமாவின் புருஷன் சுஹாஸ் கம்ப்யூட்டர் கம்பெனியில் என்னமோ பெரிய வேலை. ஹாலில் கட்டில் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி வைத்து, மூட்டையில் உப்பு வாங்கி, சுத்திகரித்த தண்ணீரில் கரைத்து, சொந்தமாக ஒரு கடல் தயாரித்திருந்தான். அதில் உயிருள்ள பவளம். நீல விளக்கில் பச்சையும் ஆரஞ்சுமாக விரல் விரலாக அசையும். கோடு போட்ட ஒரு இறால், குழாய்க்குள்ளிருந்து விசிறி விரிக்கிற ஒரு புழு, இரண்டு ஆரஞ்சு மீன். “எல்லாம் வெளிநாட்டுப் பண்ணையில வளர்த்தது மாமி, பேப்பர்ஸ் இருக்கு,” என்பான், யாரும் கேட்காமலேயே. கேட்காமல் சொல்கிறானே என்பதே அலர்மேல்மங்கைக்கு ஒரு சந்தேகம். ஆனால் அது பழைய சந்தேகம்.

இந்த நவராத்திரிக்கு அபார்ட்மென்ட் சங்கம் கொலுப் போட்டி வைத்தது. செயலாளர் குளோரியாவே நடுவர். தனக்குக் கொலு கிடையாது, அதனால் தான் நடுநிலை என்பது குளோரியாவின் வாதம். நிருபமா எடுத்துக்கொண்ட தலைப்பு ‘கடலைக் காப்போம்’. தொட்டியின் மேல்மூடியைக் கழற்றிவிட்டு, அதற்கு மேலே பலகை போட்டு, தெர்மாகோலில் ஒரு பாற்கடல். அலை அலையாகச் செதுக்கி, நீலமும் வெள்ளியுமாக ஜிகினா தூவி, நடுவில் ஆதிசேஷன் மேல் ரங்கநாதர் சயனம். கீழே நிஜக் கடல், மேலே புராணக் கடல். ஓரத்தில் ‘பிளாஸ்டிக் வேண்டாம்’ என்று ஒரு அட்டை. அந்த அட்டைக்கும் லாமினேஷன் போட்டிருந்தாள் என்பதை அலர்மேல்மங்கை முதல் நாளே கவனித்து, மூன்றாவது மாடி வரைக்கும் விநியோகித்துவிட்டாள்.

ஆனாலும் அழகாக இருந்ததை மறுப்பதற்கில்லை. வெற்றிலை பாக்குக்கு வந்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். “தண்ணியே மினுங்கறது பாருங்கோ!” என்று முதலில் சொன்னவளே அலர்மேல்மங்கைதான். மேலே மின்விசிறி சுற்ற, கீழே தண்ணீருக்குள் நட்சத்திரம் சுற்றியது. குளோரியா கைதட்டினாள். “ரொம்ப எகோ ஃப்ரெண்ட்லி!” முதல் பரிசு யாருக்கு என்பது அன்றே முடிந்துபோன விஷயம்.

மறுநாள் மத்தியானம் அலர்மேல்மங்கையின் புருஷன் சீனிவாசராகவன் தயிர்சாதத்திலிருந்து எதையோ நகத்தால் எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். அவர் ஓய்வுபெற்ற ஆடிட்டர். எதையும் வெளிச்சத்தில் காட்டிவிட்டுத்தான் விழுங்குவார்.

“என்னடி இது, நீலமா?”

“நிருபமா ஆத்து ஜிகினான்னா. புடவையில ஒட்டிண்டு வந்திருக்கும்.”

“அவா ஆத்துக் கடல் நம்மாத்துத் தயிர்ல கலந்துடுத்தா? பேஷ்,” என்று தட்டின் ஓரத்தில் தேய்த்துவிட்டு மேலே சாப்பிட்டார்.

இதெல்லாம் பவளம் படுப்பதற்கு முன்பு. பாஞ்சாலி செய்தி கொண்டுவந்த அன்று, அலர்மேல்மங்கை காய் வாங்கக் கீழே இறங்கியபோது லிஃப்ட் வாசலில் குளோரியாவைப் பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம்.

“சுஹாஸ் தொட்டி கேஸ் கேட்டீங்களா மாமி? யாரோ என்னமோ ஊத்தியிருக்கணும்னு நிருபமா சொல்றா.”

“நான் ஒண்ணும் சொல்லலை,” என்று ஆரம்பித்தாள் அலர்மேல்மங்கை. அந்தக் கட்டடத்தில் இப்படி ஆரம்பிக்கிற வாக்கியம்தான் அதிக தூரம் போகும். “முந்தாநாள் நான் போனப்போ பாஞ்சாலி கண்ணாடி துடைக்கற நீல பாட்டிலைக் கையில வெச்சுண்டு தொட்டிகிட்ட நின்னுண்டிருந்தா. பார்த்ததைச் சொன்னேன். சும்னே.”

கன்னடத்துச் ‘சும்னே’ போட்டுச் சும்மா சொன்னது சும்மா இருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் அது ‘பாஞ்சாலி பாட்டிலைத் திறந்தாள்’ ஆகி, ‘ஊற்றினாள்’ ஆகி, ‘நிருபமா திட்டியதற்குப் பழி வாங்கினாள்’ என்று கை கால் முளைத்து நின்றது. நிருபமா எப்போது திட்டினாள் என்று யாரும் கேட்கவில்லை. திட்டாத வீடு எது?

மறுநாள் காலை பாஞ்சாலி வரவில்லை. போன்தான் வந்தது.

“மாமி, கேட்டாண்டதான் நிக்கிறேன். முனியப்பன் உள்ள வுட மாட்டேங்கிறான். அவன் போன்ல என் பேருக்கு நேரா செவப்பு காட்டுதாம்.”

கேட்டில் வேலைக்காரர்களைப் பதிவு செய்கிற ஆப் ஒன்று வந்ததிலிருந்து காவல்காரன் முனியப்பனுக்குக் கண்ணும் காதும் அதுதான். பச்சை காட்டினால் திருடனுக்கும் சல்யூட். சிவப்பு காட்டினால் பெற்ற தாய்க்கும் கதவில்லை.

“நான் என்னமோ மருந்து வெச்சிட்டேனாம் மாமி! யாரோ பாட்டிலோட பார்த்தாங்களாம். எவ அவ?”

“எனக்கென்னடி தெரியும்,” என்றாள் அலர்மேல்மங்கை. கையிலிருந்த காபி சட்டென்று கசந்தது.

“வேலை போனாக்கூட போவுது மாமி, பேரு போவுதே. மருந்து வெச்சவன்னா எவ சமையக்கட்டுல சேர்ப்பா? பக்கத்து அபார்ட்மென்ட் குரூப்புக்கெல்லாம் என் போட்டோ போயிருச்சாம். ஒரு கேட்டும் தொறக்காது. விஜயதசமி அன்னிக்கு மீட்டிங் வெச்சு பேரை அழிச்சிருவோம்னு குளோரியா மேடம் சொல்றாங்க. நான் அந்தப் பாட்டிலை வெச்சு அவங்க வீட்டு சாமி ஷோகேஸ் கண்ணாடியத்தான் மாமி தொடச்சேன்!”

போனை வைத்துவிட்டு அலர்மேல்மங்கை சிங்க்கைப் பார்த்தாள். நேற்று இரவுப் பாத்திரம், வருஷக்கணக்காகக் கட்டி முடியாத ஈஜிபுரா மேம்பாலத் தூண் மாதிரி முடிவில்லாமல் நின்றது. தான் சொன்னதைத் தானே திருப்பி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ‘அலர்மேலு மாமி சொன்னா சரியா இருக்கும்’ என்கிற பெயர் இருபது வருஷத்துச் சம்பாத்தியம். அதுவும் போக, பார்த்தது பொய்யில்லையே. பாஞ்சாலி நின்றாள், கையில் பாட்டில் இருந்தது. வேறு குற்றவாளி ஒருவன் கிடைத்துவிட்டால் அவள் பேரும் பிழைக்கும், தன் பேரும் பிழைக்கும்.

யோசிக்க யோசிக்க அவளுக்கு நிருபமா மேலேயே சந்தேகம் திரும்பியது. போன கோடையில் என்ன சொன்னாள் அவள்? “இந்தத் தொட்டி இருக்கறவரைக்கும் நாங்க எந்த ஊருக்கும் போக முடியாது மாமி. கல்யாணம் என்னைப் பண்ணிண்டாரா, பவளத்தைப் பண்ணிண்டாரான்னு தெரியலை.” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரித்துக்கொண்டு சொல்கிறவர்களைத்தான் ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டும்.

ஒரு டப்பாவில் பட்டாணிச் சுண்டலை எடுத்துக்கொண்டு நான்காவது மாடிக்குப் போனாள். சுண்டல் கையிலிருந்தால் எந்த வீட்டுக்குள்ளும் போகலாம். அந்த ஒன்பது நாளைக்கு அதுவே பாஸ்போர்ட்.

சுஹாஸ் தொட்டி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சின்னச் சின்னக் குப்பிகளில் தண்ணீரை விட்டு, சொட்டு மருந்து விட்டு, நிறம் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே விரல்கள் எல்லாம் மடங்கிக் கிடந்தன. ஒரு பக்கம் பவளம் வெளுத்து, எலும்பு மாதிரி தெரிந்தது. குழாய்ப்புழு விசிறியை உதறிப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டிருந்தது.

“என்னப்பா சொல்றது தண்ணி?”

“அதுதான் மாமி புரியலை. உப்பு கரெக்ட். சூடு கரெக்ட். அம்மோனியா ஸீரோ. தண்ணில ஒரு குறையும் இல்லை.”

“அந்தப் பாட்டில்ல அம்மோனியான்னா இருக்கும்? எங்காத்துக்காரர் மூக்கை மூடிப்பார்.”

சுஹாஸ் நிமிர்ந்தான். நிருபமாவைப் பார்த்தான். நிருபமா ரங்கநாதருக்கு விளக்கேற்றுகிற மாதிரித் திரும்பிக்கொண்டாள். “வேற ஏதாவது கலந்திருக்கலாம் மாமி,” என்றாள். “சுண்டல்ல தேங்கா போட்டிருக்கேளா? வாசனையா இருக்கு.”

பேச்சை மாற்றுகிறவர்களை அலர்மேல்மங்கைக்கு நன்றாகத் தெரியும். அந்த வித்தையை அவளே பலருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறாள்.

சரஸ்வதி பூஜையன்று மறுபடி போனாள். இந்தத் தடவை சாக்கு, பூஜைக்கு வைக்க ஒரு புத்தகம் வேண்டும் என்பது. உள்ளே காலெடுத்து வைத்ததும் நின்றுவிட்டாள்.

பாற்கடலைக் காணோம்.

பலகை இல்லை, தெர்மாகோல் இல்லை, ஒரு துளி ஜிகினா இல்லை. தொட்டிக்கு மூடி வந்திருந்தது. ரங்கநாதர் ஆதிசேஷனோடு சாப்பாட்டு மேஜைப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில், வாடகை பாக்கிக்காரர் மாதிரிப் படுத்துக்கொண்டிருந்தார். ஹாலில் புழுங்கித் தள்ளியது. மின்விசிறி ஓடவில்லை.

“என்னடி இது! விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வெச்சு, ஆரத்தி எடுத்து, அப்புறம்தானே கலைக்கணும்? நடுவுல கொலுவைத் தொடுவாளா யாராவது? உங்கம்மா கேட்டா என்ன சொல்லுவா?”

“தூசி படிஞ்சுடுத்து மாமி.”

“தூசிக்குத் துடைப்பம் இருக்கே. பெருமாளை ஏன் ஸ்டூலுக்கு மாத்தினே?”

நிருபமாவின் அம்மாவுடையது மயிலாப்பூரில் ஆசாரத்துக்குப் பேர்போன குடும்பம். அவள் பெண், அதுவும் போட்டி முடிவு வருவதற்கு முன்பே, கொலுவைக் கலைக்கிறாள் என்றால் தூசியைவிடப் பெரிய விஷயம் ஏதோ இருக்கிறது. அலர்மேல்மங்கை மேலே கேட்கவில்லை. நேராகத் தொட்டியிடம் போய் மூக்கு கண்ணாடியில் படுகிற மாதிரிக் குனிந்தாள்.

மடங்கிய விரல்களுக்கு நடுவில் சளி மாதிரி ஒரு இழை தொங்கியது. அந்த இழையில் என்னமோ மின்னியது. நீலம். பக்கத்தில் வெள்ளி. பவளத்துக்கு நடுவில் மொட்டு மாதிரி ஒரு திறப்பு, அதன் ஓரத்திலும் ஒரு பொட்டு. அவளுக்குத் தயிர்சாதம் ஞாபகம் வந்தது. இரண்டு மாடி இறங்கி வந்து தட்டில் விழுந்த வஸ்து, நேர் கீழே திறந்திருந்த தொட்டியை விட்டு வைத்திருக்குமா?

அவள் முகத்தில் எதையும் காட்டவில்லை. “ஏம்ப்பா சுஹாஸ், இதுக்கு வாய் எங்கே இருக்கு? எனக்கு ரொம்ப நாளா சந்தேகம்.”

சுஹாஸுக்கு ஒரு பலவீனம். பவளத்தைப் பற்றி யார் கேட்டாலும் கிளாஸ் எடுத்துவிடுவான்.

“அதோ நடுவுல இருக்கே, அதுதான் மாமி வாய். செடின்னு நினைக்கறா எல்லாரும். இது பிராணி. தண்ணில மிதந்து வர்றதைப் பிடிச்சு உள்ள தள்ளும். கண்ணு கிடையாது. சின்னதா எது வந்தாலும் சாப்பாடுன்னு நினைச்சுக்கும்.”

“சாப்பாடு இல்லேன்னா?”

“துப்பப் பார்க்கும். சளியா சுரந்து சுத்தி வெளியே தள்ளும். அதுலயே சத்தெல்லாம் போயிடும். சிலது உள்ளேயே தங்கிடும், வயிறு ரொம்பின மாதிரி ஆயிடும். அப்புறம் நிஜச் சாப்பாட்டை எடுத்துக்காது. நெஜக் கடல்லயும் இதே கதைதான் மாமி. நம்ம பாலியஸ்டர் துணி துவைக்கறோம், டயர் தேயறது, பை நஞ்சுபோறது, எல்லாம் தூளாகி அங்கதான் போறது. மீன், சிப்பி, இறால் எல்லாத்தோட வயித்துலயும் இருக்கு. தண்ணியை டெஸ்ட் பண்ணினா தெரியவே தெரியாது. ஏன்னா அது கரையாது, சும்மா மிதந்துண்டு...”

நிறுத்திவிட்டான். நிறுத்தின இடம் அவனுக்கே கேட்டிருக்க வேண்டும்.

“சும்மா மிதந்துண்டு?” என்றாள் அலர்மேல்மங்கை.

சுஹாஸ் தொட்டியின் நீல விளக்கை அணைத்தான்.

“எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?”

“நேத்து,” என்றான் சுஹாஸ். “அழுக்கு சேர்ற கப்பைக் கழுவினேன். அடியில பூரா ஜிகினா.”

“நேத்து தெரிஞ்சு, நேத்தே பாற்கடலை இறக்கியாச்சு. பாஞ்சாலியை மட்டும் கேட்டுலேயே நிறுத்தியாச்சு.”

நிருபமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “நாளைக்கு ப்ரைஸ் மாமி. ‘கடலைக் காப்போம்’னு வெச்சுட்டு, நானே... ஆஃபீஸ்ல எல்லாருக்கும் போட்டோ அனுப்பியிருக்கேன். மீட்டிங் முடிஞ்சு ஒரு வாரம் போகட்டும், மெதுவா குளோரியாகிட்ட சொல்லி பாஞ்சாலியை எடுத்துக்கலாம்னு...”

“ஒரு வாரத்துல அவ போட்டோ பொம்மனஹள்ளி வரைக்கும் போயிடும்டி.”

“நாங்க போட்டோ போடலையே. பாட்டிலோட பார்த்தேன்னு சொன்னது யாரு மாமி?”

இது கொஞ்சம் உறைத்தது. அலர்மேல்மங்கை சுண்டல் டப்பாவைத் தேடுகிற மாதிரிச் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, டப்பா கொண்டுவரவில்லை என்று ஞாபகம் வந்து நிமிர்ந்தாள்.

“சரி. நான் சொன்னேன். அதனாலதான் சொல்றேன். என் சுபாவம் உனக்குத் தெரியும். ஒரு விஷயம் உள்ளே போனா எனக்கு ஜீரணமாகாது. இப்போ இது உள்ளே போயாச்சு. நாளைக்கு மீட்டிங்ல உன் வாயால வந்தா உனக்கு மரியாதை. என் வாயால வந்தா எப்படி வரும்னு எனக்கே தெரியாது.”

புத்தகம் வாங்க மறந்து இறங்கி வந்தாள். அன்று அவர்கள் வீட்டு சரஸ்வதிக்குத் தொலைபேசி டைரக்டரிதான் கிடைத்தது.

விஜயதசமி சாயங்காலம் கீழ்த்தளத்து ஹாலில் கூட்டம். மேஜையில் முதல் பரிசு, பளபளவென்று ஜிகினாத் தாளில் சுற்றி, பெரிய ரிப்பன் கட்டி உட்கார்ந்திருந்தது. குளோரியா மைக்கைத் தட்டினாள். “ப்ரைஸுக்கு முன்னாடி அந்த மெய்டு இஷ்யூவை முடிச்சிடலாம். பர்மனென்ட் ப்ளாக் பண்றதுக்கு யாருக்காவது ஆட்சேபணை?”

சுஹாஸ் எழுந்தான். “அது வந்து... ஒரு டெக்னிகல் இஷ்யூ. பாஞ்சாலிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. ப்ளாக்கை எடுத்துடலாம்,” என்று உட்காரப் போனான்.

ஹாலில் ஒரு முணுமுணுப்பு. டெக்னிகல் என்றால் பணக்காரர்கள் மன்னித்துவிட்டார்கள் என்று அர்த்தம், குற்றம் போகவில்லை. அதை எல்லாரும் புரிந்துகொண்டதை அலர்மேல்மங்கை முதுகிலேயே உணர்ந்தாள்.

“டெக்னிகல்னா என்னப்பா?” என்றாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே. “எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது.”

மைசூர் மகாராணி காலேஜ் பி.ஏ. அவள். பக்கத்தில் சீனிவாசராகவன் இருமினார்.

சுஹாஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். அவனுக்கு முன்னால் நிருபமா எழுந்துவிட்டாள். “எங்க கொலு ஜிகினா,” என்றாள், கீழே பார்த்துக்கொண்டே. “தெர்மாகோல்ல தூவினது. ஃபேன் காத்துல தண்ணில விழுந்து பவளம் தின்னுடுத்து. அது பிளாஸ்டிக். நான்தான் தூவினேன். பாஞ்சாலி தொட்டியைத் தொடவே இல்லை.”

குளோரியா நிருபமாவைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள். பரிசைச் சுற்றியிருந்த தாள் விளக்கு வெளிச்சத்தில் சிரித்தது. நடுவர்களுக்கு வேறு வழியில்லாத நேரங்கள் உண்டு. பரிசை நிருபமாவுக்கே கொடுத்தாள், “நேர்மைக்கும் சேர்த்து,” என்று. இரண்டாம் பரிசு வாங்கிய ஐந்தாவது மாடி வீணா அந்த நேர்மையைப் பற்றி அடுத்த தீபாவளி வரை பேசுவாள். அது வேறு கதை. போன் எல்லாரிடமும் இருந்தது, போட்டோ போன குரூப்புகளுக்கெல்லாம் செய்தியும் போனது. ஆனால் போட்டோ போன வேகத்தில் போகவில்லை.

மறுநாள் காலை அலர்மேல்மங்கை புது டிகாஷன் இறக்கி வைத்துக் காத்திருந்தாள். எட்டு அடித்தது. பாஞ்சாலி வரவில்லை. முனியப்பனுக்குப் போன் போட்டாள்.

“வந்துட்டாளேம்மா. பச்சை காட்டிச்சு, விட்டுட்டேன். அஞ்சாவது மாடில இருக்கா.”

ஐந்து முடிந்து மூன்று, மூன்று முடிந்து முதல் மாடி. நிருபமா வீட்டுக்கு இனி வரமாட்டேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டாளாம். இதெல்லாம் அலர்மேல்மங்கைக்கு வேறு ஆள் மூலமாகத் தெரிய வேண்டியிருந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவை. காபி தயிர் மாதிரி ஆடை கட்டியது. வெயில் சமையலறையைத் தாண்டின பிறகு காலிங் பெல் அடித்தது.

“வாடி, வா. என்ன இவ்வளவு நேரம்? நான்தான் மீட்டிங்ல கேட்டேன் தெரியுமோ? இல்லேன்னா அவன் டெக்னிகல்னு சொல்லி மூடியிருப்பான்.”

“சொன்னாங்க மாமி,” என்றாள் பாஞ்சாலி. புடவையைச் செருகிக்கொண்டு சிங்க்குக்குப் போனாள். குழாயைத் திறந்தாள். “லிஃப்டாண்ட நின்னு பேசினதையும் சொன்னாங்க.”

அலர்மேல்மங்கை காபி டம்ளரைத் துடைக்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே துடைத்த டம்ளர்.

“பார்த்ததைத்தான்டி சொன்னேன். நீ நின்னதைத்தான் பார்த்தேன்.”

“நின்னேன். இல்லேன்னு சொல்லலியே.” பாஞ்சாலி திரும்பவில்லை. “இனிமே உங்க வீட்டுக்குக் கடைசிலதான் வருவேன் மாமி. இந்த நேரத்துக்குத்தான். ஒத்துக்கினா சொல்லுங்க, இல்லேன்னா வேற ஆள் பாத்துக்குங்க.”

“ஏன்டி, முதல் வீடு...”

“முதல் வீடு வீணாம்மாவுக்குக் குடுத்துட்டேன். அவங்க ஒண்ணும் பாக்கல, ஒண்ணும் சொல்லல.”

வீணா! பேசியே ஊரை விற்கிற வீணா! சொல்ல வாயைத் திறந்தாள் அலர்மேல்மங்கை. பாஞ்சாலி கையிலிருந்த தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டின் விளிம்பில் நீலமாக ஒரு பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் தேய்த்தாள். தட்டிலிருந்து விரலுக்குப் போனது. தண்ணீரில் காட்டினாள். சாக்கடைக்குப் போயிற்று.

“என்னமோ சொல்ல வந்தீங்களே மாமி?”

“ஒண்ணுமில்லை,” என்றாள் அலர்மேல்மங்கை. “காபி சூடு பண்ணித் தரட்டுமா?”

“வேணா. வீணாம்மா வீட்ல குடிச்சிட்டேன்.”